சுமக்கும் நிலம்

பிஷப் தெரு வழக்கறிஞர் அலுவலகத்தில்
பத்தொன்பது வருடமாக அடுத்தவர் நிலத்தைத் தட்டச்சு செய்கிறேன்.
லாட் எண், எல்லைக்கல், வடக்கே ஓடை, கிழக்கே சாலை.
போன வாரம் வந்த கோப்பில்
பாலிக் பூலாவில் எங்கள் சரிவின் எண்.

கிராண்டில் இரண்டு பெயர்.
அண்ணனுடையது போய் அண்ணி சௌந்தரி,
அதற்குக் கீழே நான்.
அண்ணிக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும்.
அதனால் ஆறரைக்கு மேல், ஏர்கோன் நின்ற அறையில்,
கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு மொழிபெயர்த்தேன்.

காற்றாலை எங்கள் மண்ணில் நிற்கப்போவதில்லை.
அந்த அதிர்ஷ்டம் மேல்சரிவு ஊய் குடும்பத்துக்கு:
கோபுரக் காலுக்கு அரை ஏக்கர்,
முப்பது வருடக் குத்தகை,
விற்கும் மின்சாரத்தில் நூற்றுக்கு இரண்டு.
எங்களிடம் கேட்பது
லாரி ஏற ஆறு மீட்டர் வழி,
மண்ணுக்கடியில் கேபிள்,
தலைக்கு மேல் காற்று.

கடைசியதற்குத்தான் சொல் கிடைக்கவில்லை.
மலாயில் இஸ்மென். அகராதியில் வசதியுரிமை.
யாருக்கு வசதி என்று அண்ணி கேட்பாள்.
வழிவிடல் என்று அடித்தேன். லாரிக்குச் சரி;
காற்று எங்களிடம் வழி கேட்டதே இல்லையே.
தடுக்காமை என்றேன்.
பழைய நீதிநூலில் விட்டுப்போன
ஓர் அதிகாரத்தின் தலைப்பு மாதிரி இருந்தது.
இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சட்டம் நிலங்களை ஜோடியாகப் பார்க்கும்.
பயன் பெறுவது ஆளும் நிலம்.
எங்களுடையதை அடங்கும் நிலம் என்று அடித்து
அழித்தேன்.
அடங்கு என்பதை அண்ணி வேறு வாய்களில்
நிறையக் கேட்டிருக்கிறாள்.
சுமக்கும் நிலம்.

ஞாயிற்றுக்கிழமை கெம்போங் மீன் அறுத்துக்கொண்டே கேட்டாள்:
"நாம என்ன செய்யணும்?"
"ஒண்ணும் செய்யக் கூடாது. அதுக்குத்தான் காசு.
பதினஞ்சு மீட்டருக்கு மேல கட்டடம் கூடாது, மரம் கூடாது."
"வித்துட்டா?"
"வாங்குறவங்களுக்கும் கூடாது.
ஆள் மாறினாலும் இது நிலத்தோட ஒட்டிக்கிட்டே போகும்."
செதில் ஒட்டிய கையால் நெற்றி மயிரை ஒதுக்கினாள்.
"சரி. மேல அவங்க கட்டவே இல்லன்னா?"

பத்தொன்பது வருடம். எனக்குத் தோன்றவில்லை.

முதலில் ஒரு கம்பம் நட்டு
இரண்டு வருடம் காற்றை அளப்பார்கள்.
எங்கள் தீவின் காற்று கூட்டிக் கழித்துப் போதாது என்றால்
கோபுரம் வராது.
தடுக்காமை மட்டும் கிராண்டில் பதிந்து கிடக்கும்,
வராத இறக்கைக்கு
ஒதுங்கி நின்றபடி.

திங்கட்கிழமை ஒரு வரி சேர்த்தேன்:
ஐந்து வருடத்தில் கோபுரம் எழாவிட்டால் பதிவை நீக்க வேண்டும்,
செலவு நிறுவனத்துடையது.
அவர்கள் பக்கத்துப் பெண் ஹஃபீஸா
மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றாள்.
புதன்கிழமை சரி என்றாள்.
ஆண்டுத் தொகையில் இருநூறு ரிங்கிட் குறைந்திருந்தது.
வாய் திறந்த அண்ணிக்கா, வரி எழுதிய எனக்கா
அந்த இருநூறு என்று நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

கையெழுத்து அன்று
அண்ணி தையல் பெட்டியிலிருந்து அளவுநாடாவை எடுத்துக்கொண்டு
ஆங் ஹே டுரியான் கன்றிடம் இறங்கிப் போனாள்.
நாடா பாதியில் தீர்ந்தது.
தண்டில் விரலை வைத்து, மறுபடி அங்கிருந்து பிடித்து,
எட்டாத நுனிக்குக் கண்ணால் ஒரு கணக்குப் போட்டாள்.
ஹஃபீஸா கைப்பேசியில் மணி பார்த்தாள்.

"ரெண்டே கால்" என்றாள் அண்ணி கீழிருந்து, எனக்கு மட்டும்.
"இன்னும் பன்னெண்டே முக்கால் நம்மளுது."

மேலே ஏறி வந்து
மூன்று பிரதியிலும் போட்டாள்,
நாடா கழுத்தில் தொங்க.