எந்தக் கிறீம்?

என்.சி. வீதியில் ஒரு மருந்துக் கடை.
ஒன்பது வருசமாய்க் கண்ணாடித் தட்டுக்குப் பின்னால் நிற்கிறேன்.
ஒரு நாளைக்கு நாற்பது தரம் கேட்கிறேன்:
"எந்தக் கிறீம்?"

சேற்றுப்புண்ணுக்கு, தம்பலகாமத்து வயல்காரர்
ஒற்றைச் செருப்போடு வருவார்.
படர்தாமரைக்கு வந்தவர்
மற்ற ஆட்கள் போகும்வரை
இருமல் பாணியின் விலையை விசாரித்துக்கொண்டே நிற்பார்.
கடற்படைப் பெடியன் ஒருவன்
கன்னத்தில் விரலால் சவரக் கோடு இழுத்துக் காட்டுவான்.
அவனுக்கும் அது கிறீம்தான்.
அவனுக்கும் எனக்கும் பொதுவாய்
அந்த ஒரு சொல்.
பிறகு மிச்சக் காசு.

போன ஆவணியில், உப்புவெளி விடுதியிலிருந்து
இறால் நிறத் தோளோடு ஒரு வெள்ளைக்காரி
இன்னும் கறுக்க ஒன்று கேட்டாள்.
அதே தட்டில் வெளுக்க ஒன்று தேடிக்கொண்டிருந்தாள்
வெள்ளிக்கிழமை பெண்பார்க்க ஆட்கள் வரவிருந்த சுகிர்தமலர்.
ஒருத்தி தோலை மற்றவள்
விலைச்சீட்டைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.
மாற்றிக் கொடுக்க
என்னிடம் மருந்தில்லை.

வந்தேறிய சொல்.
இப்போது ஊரில் அடையாள அட்டை எடுத்துவிட்டது.
கிறீம் பணிசுக்குள் சீனியும் மாஜரினும்;
பசுவுக்கு அந்த விசயமே தெரியாது.
கிறீம் சோடா பச்சை.
கிறீம் கிறேக்கர்
காய்ச்சல்காரரின் வாயில் மரத்தூள்.
கிறீம் நிறம் என்று கடைக்காரர் காட்டிய சீத்தை
ஆஸ்பத்திரிச் சுவரின் நிறம்.
கலியாணத்துக்கு அதைத்தான் வாங்கினேன்.
இரண்டு தரம் தோய்க்க வெள்ளையானது,
மூன்றாம் தரம் அவர் கட்டாருக்குப் போய்விட்டார்.

எங்கள் வகுப்பைக் "கிறீம் பட்ச்" என்றார் கணக்கு வாத்தியார்.
சரிதான்.
ஏட்டை வழித்தெடுத்தார்கள்:
ஒருத்தி பேராதனை, ஒருத்தி மொரட்டுவ,
இரண்டு பேர் ஸ்காபரோ.
ஏடெடுத்த பாலும் தேத்தண்ணிக்கு நல்லம் சேர்,
என்று போன மாதம் அவருக்கு
மூலத்துக்குரிய கிறீமைப்
பழைய பேப்பரில் சுற்றிக் கொடுக்கும்போது
நான் சொல்லவில்லை.

கிண்ணியாப் பாலம் தாண்டி, முதல் பஸ்ஸில்
தயிர் முட்டிகளோடு வருவா பஜ்ரியா.
ஒரு நாள் இடது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது.
"கிறீம் தா புள்ள."
"எந்தக் கிறீம்?"
"நான் விக்கிறத கேக்கிறியா, பூசுறத கேக்கிறியா?"
சிரித்தபடி துணியை அவிழ்த்தா.
அண்டாவிலிருந்து பொங்கிய எருமைப்பால்.
வெந்த இடத்தில் தோல்
மெல்லிதாய், சுருங்கி,
ஊதினால் ஒதுங்கும்போல் இருந்தது.

ஆறும் பால்
தன்னைத்தானே போர்த்திக்கொள்வதை
ஆடை என்கிறோம்.
அது இது என்று அப்போதுதான் பட்டது.
குழாயைப் பிதுக்கி வெள்ளையாய்ப் பூசினேன்.
"குளிருது," என்றா, கண்ணை மூடி.

பிறகு கதைத்துக்கொண்டே இருந்தா.
விடுதிக்காரர் ஏட்டை மட்டும் தனியே கேட்கிறார்களாம்,
வெள்ளைக்காரரின் பழத் தட்டுக்கு.
நல்ல விலையாம்.
"மேலால வழிச்சா, புள்ள,
கீழ மிஞ்சுறது தயிரில்ல,
கடன்."

நூற்றிருபது ரூபாய் குறைந்தது.
கடன் கொப்பியில் அவவின் பெயரை எழுதப் போனேன்.
அதுவும் ஒருவகை ஏடுதானே.
வேண்டாம் என்று கையைத் தடுத்து
தட்டின்மேல் ஒரு முட்டியை வைத்துவிட்டு
பஸ்ஸுக்கு ஓடினா.

மத்தியானம், முதலாளி சாப்பிடப் போன நேரம்
முட்டி வாயில் கட்டியிருந்த தாளைக் கிழித்தேன்.
மேற்பரப்பு முழுக்கக் கரண்டித் தடம்.
ஏட்டை வழித்திருந்தா.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு சீனி போட்டேன்.
புளிப்பு.
முட்டியின் அடிவரை
நல்லாய்த்தான் இருந்தது.