கால் அளவு

ஆறு வருடம் கழித்து மலாவியிலிருந்து வந்தவள்
களியக்காவிளையில்
செருப்புக்கடை கேட்டாள்.

மாவுப்பைத் தாள்களை விரித்தாள்:
கரித்துண்டால் வரைந்த பாதங்கள்,
ஓரத்தில் பெயர்கள். சிசோமோ. லிம்பானி.
பெருவிரல் வளைந்திருப்பவள் மடாலோ.

"எத்ர ஜோடி, சிஸ்டர்?"
"இருபத்துமூணு. எல்லாத்துக்கும்
ஒரு விரக்கடை கூட்டுங்க.
நான் போறதுக்குள்ள வளந்திருவாங்க."

பைக்கில் சாய்ந்து நின்றேன்.
என் மகள் எத்தனையாம் வகுப்பென்று
இன்னும் கேட்கவில்லை அவள்.

கடைசித் தாளில்
கை நின்றது.
"இது வேண்டாம்."
மடித்துச் செபப்புத்தகத்துக்குள் வைத்தாள்.

மழை. ரப்பர் ஷீட் ஏற்றிய லாரிக்குப் பின்னால்
இருபத்திரண்டு ஜோடியும் நாங்களும்
நனைந்தோம்.
திரித்துவபுரம் தாண்டியதும்
முதுகுக்குப் பின்னிருந்து குரல்:
"உன் மோளுக்கு என்ன சைஸ்டே?"

தெரியாது எனக்கு.