தொள்ளாயிரம்

செவ்வாய்க்கிழமை வங்கிக் கணக்கில் கிடந்தது.
வரிக் கந்தோர் என்ற பெயரைத் தவிர
ஒரு வணக்கமும் இல்லை.

செலவழியுங்கள் என்றார் தொலைக்காட்சியில் அமைச்சர்,
விருந்தாளியை இன்னும் ஒரு பிடி என்று
வற்புறுத்துகிற குரலில்.
என் வாழ்நாளில் எந்த அரசாங்கமும்
என்னிடம் இப்படிக் கெஞ்சியதில்லை.

ஒரே இரவில் நாட்டுப்பற்று வந்துவிட்டது குகதாசனுக்கு.
நாற்பத்திரண்டு அங்குல டிவி,
டான்டினாங் கடையில் பார்த்து வைத்தது.
நான் கடன் அட்டையின் மாதக் காகிதத்தை
அவருடைய தேத்தண்ணிக் கோப்பைக்குக் கீழே வைத்தேன்.
ஈர வட்டம் சரியாகப்
பத்தொன்பது வீத வட்டியின் மேல் விழுந்தது.

அறுநூற்றைம்பது அட்டைக்கு.
ஆரபியின் பல்லுக்கு நூற்றைம்பது.
மிச்சம் தெய்வானை அக்காவின் சீட்டுக்கு;
இரண்டு மாதம் பிந்தியும்
அவ கேட்கவில்லை, அதுதான் கூசியது.

"பல்லு மட்டும்தான் செலவு, மற்றதெல்லாம் சேமிப்பு"
என்றாள் ஆரபி, மருந்துப் பஞ்சை நாக்கால் தள்ளியபடி,
பொருளியல் கொப்பியிலிருந்து தலை தூக்காமல்.
"எல்லாரும் உங்களைப் போல இருந்தா
ஒருத்தருக்கும் வேலை இராது."
கடன் அடைப்பதும் சேமிப்புத்தானாம்.
என்னைச் சேமித்தவள் என்று
இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

பிஸ்கட் தொழிற்சாலையில் எனக்கு மூன்றாம் வரிசை.
தை மாதத்திலிருந்து வாரத்தில் மூன்று நாள்.
பெல்ட் நின்றால் கூரையில் புறா நடப்பது கேட்கும்.
வைகாசி நடுவில் சூப்பர்வைசர் வந்து
வெள்ளியும் வரலாமா என்றாள்.
வரலாம் என்றேன், காரணம் கேட்காமல்.

இஞ்சி பிஸ்கட் இரண்டிரண்டாய் வருகிறது.
எங்கோ கடன் இல்லாத ஒருத்தி,
அல்லது கடனை நினையாத ஒருத்தி,
அமைச்சர் சொல் கேட்டுக்
கூடையில் ஒரு பெட்டி கூடப் போட்டிருக்கிறாள்.
அவளை எனக்குத் தெரியாது.
என் வெள்ளிக்கிழமை அவள் தந்தது.
இல்லை, ஏதோ ஒரு கடை விலையைக் குறைத்திருக்கலாம்.
நிரூபிக்க ஏலாது என்பாள் ஆரபி.

வேலை முடிந்து சூப்பர்மார்க்கெட்டுக்குப் போனேன்.
உடைந்ததைத் தொழிற்சாலை வாசலில்
கிலோ இரண்டு டொலருக்குத் தருவார்கள்;
ஒன்பது வருடமாய் எங்கள் வீட்டில்
முழு பிஸ்கட் இருந்ததில்லை.
ஒரு பெட்டி எடுத்தேன், முழு விலைக்கு.
அடியில் அச்சிட்ட எண்: மூன்றாம் வரிசை.

குகதாசன் ஒன்றை எடுத்து
வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"உடையேல்லையே" என்றார்.