பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை

திருத்துறைப்பூண்டி அரசு மருத்துவமனை.
ஆண்கள் வார்டு, ஏழாம் கட்டில்.
உத்திராபதி, வயது நாற்பத்தாறு.
ஆட்டோவிலிருந்து இறக்கும்போதே நீலாவதி கத்தினாள்:
"மருந்துங்க, மருந்து!"

எங்கள் பக்கம் அந்தச் சொல்லுக்கு
இரண்டு அலமாரி.
ஒன்றின் சாவி என்னிடம்.
மற்றது உரக்கடையில்,
சிவப்பு முக்கோணம் போட்ட பாட்டில்களோடு.
ஏட்டு பேனாவைத் திறந்தபடி நின்றார்:
"அடிச்சாரா, குடிச்சாரா?"
முதலெழுத்துதான் வித்தியாசம்.
அதற்குள் ஒரு குடும்பமே கிடக்கிறது.
நீலாவதி அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.
"தேதி முடிஞ்ச பாட்டிலும்மா. ஒண்ணும் பண்ணாதுல்ல?"

சட்டையை வெட்டி எறிந்தோம்.
சோப்பு, தண்ணீர், மறுபடி சோப்பு.
பூண்டு வாடை போகவில்லை.
அவள் சேலையிலும் அது இருந்தது;
குளித்துவிட்டு வா என்றேன்.
போகமாட்டேன் என்றாள்.
போனாள்.

அதற்குள் அவர் உடம்பில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.
கண்ணில், மூக்கில், கடைவாயில்,
தோலெங்கும்,
கடைசியில் நெஞ்சில்.
காதில் மாட்டிய குழாயில்
ஐப்பசி அடைமழையில் வடிகால் அடைத்துக்கொண்ட
வயலின் சத்தம்.
கண்மணி இரண்டும் கடுகு.

அட்ரோபின்.
ஊமத்தைக்கு உறவுக்காரி.
பிணவறைச் சுவரோரம் யாரும் நடாமலே
வெள்ளையாகப் பூத்து நிற்கிறாளே, அவளுக்கு.
வெள்ளத்தை வற்ற வைக்கத் தெரியும்.
எங்கே நிறுத்துவதென்று தெரியாது.
அது என் வேலை.
பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை
நாடி, நெஞ்சு, கண்மணி, அக்குள் ஈரம்.

உடைத்து உடைத்துக் கட்டைவிரலில் கண்ணாடி கீறியது.
இரண்டு மணிக்கு இருப்புத் தீர்ந்து
மன்னார்குடியிலிருந்து ஒரு பையன்
சட்டைக்குள் பெட்டியை வைத்துப் பைக்கில் கொண்டுவந்தான்.
கையெழுத்துக் கேட்டான். ரத்தத்தோடு போட்டேன்.
பெனாசிர் டாக்டர் சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்:
"வெள்ளமும் கொல்லும், வறட்சியும் கொல்லும் சிஸ்டர்."
கடைமடைக்காரியிடம்.
எங்கள் ஊரில் மதகுச் சாவிக்காக
மண்டை உடைந்திருக்கிறது.

மூன்றரைக்கு நெஞ்சு தெளிந்தது.
நாக்கு சித்திரை வயலாய் வெடித்திருந்தது.
நல்லது என்று குறித்தேன்.
நாலேகாலுக்கு எழுந்து உட்கார்ந்தவர்
போர்வையிலிருந்து நாற்றுப் பறிக்க ஆரம்பித்தார்.

கை நிறைய ஒன்றுமில்லை.
அதை அள்ளி, காலில் அடித்து வேர்மண் உதறி,
இல்லாத நாரால் முடி கட்டி
வரப்பில் வைத்தார். வரப்பு என் காலடி.
ஒவ்வொரு முடியும் ஒரே அளவு.
புத்தி கலங்கியும் கை கலங்கவில்லை.
நெற்றி கொதித்தது.
வயிற்றில் குழாயை வைத்தேன், ஒரு சத்தமில்லை.
கண்மணி இரண்டும் கிணறு.

இப்போது கொல்வது நான்.

டிரிப் குழாயின் சின்னச் சக்கரத்தைக் கீழே தள்ளினேன்.
மதகு அடைந்தது.
அப்புறம்தான் டாக்டரை எழுப்ப ஓடினேன்;
முறைப்படி அது தலைகீழ்.
ஓடுமுன் அவர் நீட்டிய ஒரு முடியை
வாங்கிக்கொண்டேன்.
வாங்காவிட்டால் கட்டிலைவிட்டு இறங்கியிருப்பார்.

பிறகு மூன்று நாளும் கேட்டது ஒன்றுதான்:
"தலையணையிலிருந்து தலையைத் தூக்குங்க."
கழுத்து தோற்றால் அடுத்தது மூச்சு.
தூக்கினார்.
ஒருமுறை தூக்க முடியாமல் சிரித்தார்,
நான் நின்ற இடத்திலேயே செத்தேன்.
தூக்கக் கலக்கமாம்.

ஐந்தாம் நாள் ஏட்டு வந்தார், அதே பேனா.
உத்திராபதி சுவரைப் பார்த்துக்கொண்டு,
"காத்து திரும்பிடுச்சு," என்றார்.
நீலாவதி தட்டை அலம்பிக்கொண்டே இருந்தாள்.

அன்றைக்கு மத்தியானம்
குவார்ட்டர்ஸ் கொடியில் என் வெள்ளைக் கோட்டு
ஓர் இலைகூட அசையாத புழுக்கத்தில்
தொங்கியது தொங்கியபடி இருந்தது.

ஏட்டு என்னைப் பார்த்தார்.
"எழுதிக்குங்க," என்றேன்.
"நல்ல காத்து."