குடை உள்ளே இருந்தது

அவள் பெயரை இதில் எழுதப்போவதில்லை.
கேட்டவர்கள் ஏற்கெனவே நிறையப் பேர்:
கன்டீனில், கண்டி பஸ்ஸில்,
ஹட்டன் ரயிலின் ஜன்னலோரத்தில் வடையைப் பிய்த்தபடி
"யாரு புள்ள அது, நம்ம ஆளா?"

நடந்தது இருட்டில் இல்லை.
முதலில் அதைச் சொல்லவேண்டும்.
நூலகத்திலிருந்து பெண்கள் விடுதிக்கு இறங்கும் பாதைக்கு
விளக்குக் கேட்டு நாங்கள் கொடுத்த கடிதங்கள் நான்கு.
முறைப்பாடு போன ஒன்பதாம் நாள்
லொறியில் கம்பம் வந்து இறங்கியது.
பைன் மரங்களுக்கு நடுவே இப்போது
பட்டப்பகல்.

நடந்ததோ சங்க அறையில்,
மாலை ஐந்தரைக்கு,
டியூப் லைட்டுக்குக் கீழே,
பழைய வினாத்தாள்கள் அடுக்கியிருந்த மேசைக்குப் பக்கத்தில்.
அவனை எல்லோரும் அண்ணா என்போம்.
நோட்ஸ் தருவான்.
மஹபொல பிந்தினால் கைமாற்றும் தருவான்.

அவனுக்காகப் பேச வந்தவர்களும் நல்லவர்கள்தான்,
அதுதான் பயம்.
பிஸ்கட் பெட்டியோடு வந்தார்கள்.
"லயத்துல இருந்து ஒருத்தன் இவ்வளவு தூரம் வர்றதே பெருசு.
நம்ம பேரு கெட்டுப்போகும்."
அவளும் லயத்திலிருந்துதான் வந்தாள்.
அவள் அம்மாவுக்குத் தெரிந்த பேர் வேறு:
பதினெட்டுக் கிலோ கொழுந்து நிறுத்தால் ஒரு பேர்,
ஒரு கிலோ குறைந்தாலும்
அரைப் பேர்.

அன்றிரவு நான் பெரிதாக எதுவும் செய்யவில்லை.
ஏன் போனாய் என்று கேட்கவில்லை.
ஏன் கத்தவில்லை என்றும்.
குளிக்கணும் என்றாள்.
குளித்தால் தடயம் போய்விடும்,
குளிப்பதும் விடுவதும் உன் இஷ்டம் என்றேன்.
வெகுநேரம் வாளியையே பார்த்திருந்தாள்.
பிறகு
செருப்பைப் போட்டாள்.

ஓட்டோவில் ஓரத்தில் நான், மற்ற ஓரத்தில் இஷாரா.
ஆஸ்பத்திரியில் விடிந்தது.
பொலிஸில் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதினார்கள்.
என் அரைகுறைச் சிங்களத்தையும்
தன் அரைகுறைத் தமிழையும் கூட்டிவைத்து
இஷாரா வரிவரியாக வாசித்தாள்.
'விரும்பிச் சென்றேன்' என்றிருந்த இடத்தில்
விரலை வைத்தாள். எடுக்கவில்லை.
"வினாத்தாள் வாங்கப் போனேன் என்றுதான் இவள் சொன்னாள்.
விரும்பி என்ற சொல் இவள் வாயில் வரவில்லை."
அந்த ஒரு சொல்லை வெட்டி
ஓரத்தில் கையெழுத்து வாங்க
முக்கால் மணி நேரம்.

கதவு வரை வந்து திரும்பியவன் ஒருவன் உண்டு.
ஜெபநேசன்.
விசாரணைக் குழுவுக்குப் போய்ச் சொன்னான், ஐந்து மாதம் பிந்தி.
அப்புறம் புதிய மாணவர்களின் கூட்டத்தில்
யாரும் அழைக்காமல் எழுந்து மைக்கை வாங்கினான்.

"அன்னைக்கு மழை. என் குடை உள்ளே இருந்திச்சு.
வெளியே ரெண்டு சோடி செருப்பு.
வேணாண்ணான்னு ஒரு தடவை கேட்டிச்சு.
கதவத் தட்ட ஒரு காரணம் என் கையிலயே இருந்திச்சு.
நான் நனைஞ்சிக்கிட்டே போயிட்டேன்."

பின்வரிசையில் ஒருவன் சிரித்தான்.
பக்கத்திலிருந்தவன் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டான்.

ஜெபநேசனை மன்னித்தாயா என்று என்னைக் கேட்காதீர்கள்,
அது என்னிடம் உள்ள சாமான் இல்லை.
ஆனால் இந்த வருடம்
முதலாம் ஆண்டுப் பிள்ளைகள்
பூட்டிய கதவு எதைக் கண்டாலும் தட்டுகிறார்கள்.
"அண்ணா, என் குடை உள்ள இருக்கு."
வெயில் நாளிலும்.
குடையே இல்லாதவர்களும்.

விசாரணை முடியவில்லை.
அவள் பரீட்சை எழுதினாள், ஒரு பாடத்தைத் தவிர.
ஒருநாள் ரொட்டியும் கட்டச் சம்பலும் கேட்டுச் சாப்பிட்டாள்,
மறுநாள் கட்டிலை விட்டு எழும்பவில்லை.
இரவில் தாழ்ப்பாளைப் பார்த்தபடி தூங்கவேண்டும் அவளுக்கு,
விளக்கை அணைப்பதில்லை.
நான் என் பச்சைத் துப்பட்டாவை நாலாய் மடித்து
கண்ணில் கட்டிக்கொள்கிறேன்.
பழகிவிட்டது.