அடி மறைய

மூடிபோட்ட கோப்பையின் மூக்கைக் கடித்துத் துப்பிவிட்டாள்.
நீலக் குவளை பெரிது,
சாய்த்தால் முகமே உள்ளே போய்விடும்,
மூக்கில் பால் ஏறி, பிறகு அலறல்.

அலமாரியின் பின்வரிசையில்
ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது.
மற்ற ஐந்தையும் போன மார்ச்சில்
கண்ணாடிக் கழிவுத் தொட்டிக்குள்
ஒவ்வொன்றாகப் போட்டேன்,
உடையும் சத்தத்தை எண்ணிக்கொண்டே.
இது எப்படித் தப்பியதோ.
லேலோவின் வாய்க்கு
அளவெடுத்துச் செய்ததுபோல் இருக்கிறது.

அடி மறைய மட்டும் பால்.
அவள் கைமேல் என் கை.
சாய்... இன்னும் கொஞ்சம்... ம், போதும்.
பாதி கழுத்து வழியே சட்டைக்குள்.
மீதி, களுக்.

கீழே, கோப்லி போகும் டிராம்
பனியைச் சீய்த்தபடி திரும்புகிறது.
கைரே ஓட்டும் நாளென்றால்
இந்த வளைவில் இருமுறை மணியடிப்பாள்.
அடித்தாள்.
லேலோ ஜன்னலைப் பார்க்க, பால் மேசையில்.

ஆறாம் நாளோ ஏழாம் நாளோ
என் கையைத் தட்டிவிட்டாள்.
தானே எடுத்தாள், இரு கையாலும்,
தூங்கும் குருவியைத் தூக்குகிறவள்போல.
அண்ணாந்தாள். குடித்தாள்.
டொக்கென்று வைத்தாள்.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.
என் தொண்டை தானாக விழுங்கியது.

"இன்னும்," என்றாள், வெள்ளை மீசையோடு.
அந்தச் சொல்லும் தெரியும்.
பால், தார்மோ. வெறும் பால்.
ஊற்றினேன்.

இம்முறை அவள் குடிக்கவில்லை.
என் பக்கம் நீட்டினாள்,
விரல் நடுங்க, பாதி சிந்த.
வாங்கிக் குடித்தேன்.
மேசையில் வைத்தேன்,
சத்தமில்லாமல்.