என்னத்தைக் கிழிக்கும்

துக்கெரெஸ் மலையில் கிழங்கு தோண்டுகிறவரின்
இரைப்பையிலிருந்து இரண்டு துணுக்கு:
கட்டியில் ஒன்று,
நாலு விரல் தள்ளி ஒன்று.

பாஸ்தோ ஆய்வகம். இரவு பதினொன்று.
நல்ல சதையின் கோடு
இருபத்து நாலாம் சுற்றிலேயே எழுந்துவிட்டது.
மற்றது முப்பத்து மூன்றிலும்
தரையோடு கிடக்கிறது.
பிசகாக இருக்கட்டும் என்று
அவுரா குவாஸ்புத் மூன்றாம் முறை ஓட்டுகிறாள்.

இருபத்திரண்டே எழுத்து, மைக்ரோ ஆர்.என்.ஏ.
இந்தப் பொடிசு என்னத்தைக் கிழிக்கும் என்று
ஒரு காலத்தில் கேட்டார்கள்.
கிழிக்கத்தான் செய்யும்:
‘பெருகு, இன்னும் பெருகு’ என்று போகும் ஓலையை
வழிமறித்து.
கட்டிக்குள் அதன் கையை
யாரோ கட்டிப் போட்டிருக்கிறார்கள்.

குழாயில் எண் உண்டு, பெயர் இல்லை.
ஊர் மட்டும் அவள் ஊர்.

முதல் பேருந்துக்கு நிற்கையில்
கோட்டுக்குள் கைவிட்டு
வயிற்றைத் தொட்டுக் கேட்கிறாள்:
கிழித்துக்கொண்டுதானே இருக்கிறாய்?